பெரியம்மாவின் கல்

நோர்வேயில் பதினேழு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த என் பெரியம்மா, கடைசியில் லண்டனில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு ஒரு கல்லின்மேல் பைத்தியமானார். லண்டனுக்கு வடக்கே ஒரு காட்டுக்குள் கிடக்கும் ஆளுயரக் கல். அந்த மண்ணில் பிறக்காத கல் அது. எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் அதை இழுத்து வந்து போட்டுவிட்டுக் கரைந்துபோனதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் தொண்டர்களில் தானும் ஒருவராக வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

ஆங்கிலம் போதாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவைக்காக, இங்கே பார்த்த வேலையின் ஷிப்ட் முடிந்து வந்து எங்கள் ஃபிரிட்ஜையே கல்லாக வைத்துத் தினமும் பேசிப் பழகினார். பால் எடுக்கப் போனவர்கள்கூட விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க முடிந்தது.

"ஏலாது எண்டு அவையள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டன்," என்பார்.

மூன்றாம் தடவைத் தேர்வு நாள் வந்தது. பத்து வயதான என்னை அம்மா துணைக்கு அனுப்பினார். காட்டு வாசலில் குறிப்புப் புத்தகத்தோடு பொறுப்பாளர் அம்மையார் நின்றார். கல் பார்க்க வந்த ஏழெட்டுப் பேரில் என் வகுப்புத் தோழியும் அவளுடைய தாயும் இருப்பதைக் கண்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. பெரியம்மாவோ கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலை, அதற்குமேல் நோர்வேக் குளிர்க்கோட்டு, காலில் சேற்றுச் சப்பாத்து. நான் மெல்ல நழுவித் தோழியின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கல்லடிக்குப் போனதும் பெரியம்மா பேசத் தொடங்கினார். நோர்வேயில் பழகிய நாக்கு, 'ஜ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ய' போட்டது. தோழி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"உனக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டாள்.

"இல்லை. யாரென்றே தெரியாது," என்றேன், கொஞ்சம் பலமாகவே.

இரண்டடி முன்னால் நின்ற பெரியம்மா பேச்சை நிறுத்தினார். பிறகு கல்லில் கைவைத்து, பனி கீறிய கோடுகளைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தோழியின் தாய் என்னையும் பெரியம்மாவையும் மாறிமாறிப் பார்த்து, "உங்கள் வீட்டுப் பிள்ளையா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

"இல்லை," என்றார் பெரியம்மா. "கல் பார்க்க வந்த பிள்ளை."

அன்றே அவருக்குத் தொண்டர் அட்டை கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் சாப்பிடக் கட்டிவந்த இரண்டு ரோல்ஸையும் எனக்கே தந்துவிட்டு, யன்னலைப் பார்த்தபடி வந்தார். விளக்கம் சொல்லப் போகிறவர்கள் சொந்தக்காரரைக் கூட்டிவரக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறது, அதனால்தான் பெரியம்மா பொய் சொன்னார் என்று நான் முடிவுகட்டினேன்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், பெரியம்மா," என்று அவர் காதோடு சத்தியம் செய்தேன்.

"ஓம் குஞ்சு, சொல்லாதை," என்றார்.

பெரியம்மாவை அன்று நான்தான் காப்பாற்றினேன் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.