ஒரு மணித்தியாலச் சப்பாத்து

ஐம்பத்தெட்டு வயதுவரை யாகப்புவின் காலில் ஏறியது பாட்டா செருப்பு ஒன்றுதான். அதுவும் சந்தைக்கும் சங்கத்துக்கும் போகும்போது மட்டும். நாயாற்றில் பிறந்து, இடம்பெயர்ந்து அளம்பில் கரையில் வந்து குடியேறிய மனிதர். தொழில் கரைவலை. கரைவலைக்காரன் முன்னுக்கு நடப்பதைவிடப் பின்னுக்கு நடப்பதுதான் அதிகம். கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிக்காலை மணலில் புதைத்து, அடியடியாகப் பின்னுக்குப் போனால்தான் வலை கரைக்கு வரும். நாற்பது வருஷம் அப்படி இழுத்ததில் பாதம் அகன்று, விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

அந்தக் காலுக்குத்தான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசியில் வில்லங்கம் வந்தது. மகள் ஸ்ரெல்லாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை றொனால்ட், புதுக்குடியிருப்பு வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் தவழுகிற குழந்தைக்கும் சப்பாத்து.

"அப்பா, என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள். ஒரு மணித்தியாலந்தானே, போடுங்கோ."

"செத்தாப் பெட்டிக்குள்ளை போட்டுவிடுவியள்தானே பிள்ளை. அதுக்கு முன்னம் என்னத்துக்கு?"

சொன்ன பிறகுதான் மகளின் கண் கலங்கியதைக் கண்டார். மனிதர் உருகிப்போனார். அது வேண்டும், இது வேண்டும் என்று ஒருநாளும் கேட்காத பிள்ளை. நாலு பேர் முன்னால் தன்னால் அவள் தலைகுனியக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை.

சண்டைக்காலச் சாமான் தடையில், வவுனியாவைத் தாண்டி ஒரு சோடி சப்பாத்து வருவது அப்போது லேசுப்பட்ட காரியமா? கடைசியில் சிநேகிதர் முள்ளியவளை அப்புத்துரை, தான் கந்தோர் வேலைக்குப் போட்டுத் தேய்த்த கறுப்புச் சப்பாத்தை இரவல் தந்தார். ஒரு சைஸ் சின்னது. மேஸ் என்கிற காலுறையைப் போட்டால் கால் நுழையவே மாட்டாது; வெறுங்காலென்றாலும் குதி முழுதாக இறங்காது. பின்பக்கத்தை மிதித்தபடியே கடற்கரையில் நடந்து பழகினார். காலுக்குக் கீழே நிலம் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. நாய்கள் வேறு ஆளை மட்டுக்கட்ட முடியாமல் குரைத்தன.

போதாக்குறைக்கு இன்னொரு குழப்பம். அந்தக் கரையில் எல்லாரும் தேவாலய வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இதைக் கழற்றுவதா, விடுவதா?

"கோயிலெண்டாக் கழட்டத்தானே வேணும்," என்றார் சைவக்காரரான அப்புத்துரை.

"கழட்டுறதுக்கோ இவ்வளவு பாடு? மாப்பிள்ளை வீட்டார் போட்டபடிதான் உள்ளுக்கு வருவினம்," என்றாள் மனைவி ஜோசப்பின்.

கோயில் சாமியாரிடமே கேட்டுவிடலாமென்று போனவர், வெட்கத்தில் வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கலியாணத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி வாசல்வரை நொண்டாமல் வந்துவிட்டார். உள்ளே பாட்டுத் தொடங்கியது. வாசற்படியைக் கண்டதுதான் தாமதம், மனிதர் யோசிக்கவேயில்லை. காலை ஒரு உதறு உதறினார். சப்பாத்து இரண்டும் செருப்புக் குவியலுக்குள் போய் விழுந்தன.

சப்பாத்தின் நினைவு வந்தபோது நடுக்கோயிலில் நின்றார். திரும்பிப் போய் எடுப்பதா, இப்படியே போவதா? சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ரெல்லா குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அவள் ஏதாவது ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்ன, வெறுங்காலோடு பீடத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

றொனால்ட் அவளுடைய மற்றக் கையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தான். கையில் இழுவை பட்டதும் யாகப்புவின் குதிக்கால் சீமெந்தில் ஊன்றிக்கொண்டது. ஓரடி பின்னுக்கு. இன்னும் ஓரடி. மணப்பெண் குதி உயர்ந்த சப்பாத்தில் தடுமாறிக்கொண்டு அவரோடு வந்தாள். கோயிலே சிரித்தது. சப்பாத்து இருந்திருந்தால் வழுக்கியிருக்கும், வெறுங்கால் எங்கே வழுக்கப்போகிறது? விடத்தான் நினைத்தார். கால்தான் இழுத்ததா, தான்தான் இழுத்தாரா என்று அவருக்கே விளங்கவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டு போனது.

ஸ்ரெல்லா அவர் காதோடு வாயை வைத்தாள்.

"அப்பா, வலை கரைக்கு வந்திட்டுது. கயித்தை விடுங்கோ."

விட்டார். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பூசை முடியும்வரை அப்படியே நின்றார்.