நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

பொங்கியண்ணன் எனக்குச் சித்தப்பா மகன், என்னைவிட இளையவன். அவனுடைய மூத்த பெண் மோகனப்பிரியா என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். எங்கள் வகையறாவில் தோட்டம் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் மோட்டார் பம்பு பட்டறைக்கு வந்துவிட்டார்கள். பொங்கியண்ணனும் சரவணம்பட்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு பம்பு செய்தான், பெண்ணை மெக்கானிக்கல் படிக்க வைத்தான். படித்துவிட்டு வந்தவள் பம்புப் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டகையில் பாதியைக் கேட்டு வாங்கி, ரேலிக்கு ஓடுகிற கார் கட்ட ஆரம்பித்தாள்.

ரேலி என்றால் வட்டத்தில் சுற்றுகிற பந்தயம் இல்லை. மண் பாதையில் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள், சீக்கிரம் போய்ச் சேர்கிறவன் ஜெயித்தவன். தாராபுரம் பக்கம் நடந்த ஒன்றுக்கு என்னையும் கூட்டிப்போனாள். அவள் கட்டியது வீட்டுக்கு வீடு நிற்கிற சின்ன கார்தான், பின்பக்கம் கதவைத் தூக்குகிற ஹேட்ச்பேக். ஒரு செம்மண் மேட்டில் அதன் முன்சக்கரம் இரண்டும் மண்ணை வாரி இறைத்தனவே தவிர, வண்டி நகரவில்லை.

"பாத்தீங்களா பெரியப்பா? ரெண்டு பேரு இழுக்கறாங்க, பின்னால ரெண்டு பேரு வேடிக்கை பாக்கறாங்க. நாலும் இழுத்தாத்தானுங்க ஆகும்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். காரின் அடித்தகட்டை நீளவாக்கில் அறுத்தாள். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சுழலும் தண்டைக் கொண்டுபோனாள். பின்சக்கரத்துக்குப் பழைய ஜீப்பின் பல்சக்கரங்களைக் கடைந்து பொருத்தினாள். இன்ஜின் பலம் கூட டர்போ வைத்தாள். கியர்பாக்ஸ் உடைந்தது, மாற்றினாள், மறுபடியும் உடைந்தது. அவள் புருஷன் மதன்குமார் ஐடி கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். லீவு நாளெல்லாம் காருக்கடியில் படுத்துக்கிடந்தார்.

"சாதகத்துல எல்லா தோசமும் பாத்தாங்க மாமா, கிரீஸ் தோசத்தை மட்டும் விட்டுட்டாங்க" என்பார் என்னிடம்.

எல்லாம் கோத்த பிறகும் ஒரு குறை நின்றது. முன்சக்கரம் மண்ணில் வழுக்கினால் இன்ஜின் பலமெல்லாம் அதற்கே போய்விடும், பின்சக்கரம் தூங்கிவிடும். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவள், கடைசியில் நடுவிலிருந்த பல்சக்கரப் பெட்டியை இறுக்கிப் பூட்டிவிட்டாள். இனி முன்னும் பின்னும் ஒரே இரும்பு. முன்சக்கரம் சுற்றினால் பின்சக்கரமும் சுற்றியே ஆகவேண்டும். அந்த வேலை முடிந்தபோது மதன்குமார் கம்பெனி வேலையாகப் பெங்களூர் போயிருந்தார்.

வண்டி தயார், ஓட்டத்தான் ஆள் இல்லை. பெண் கட்டிய வண்டியில் உயிரை வைக்கப் பெயர்பெற்ற ஓட்டுநர் ஒருவரும் முன்வரவில்லை. லட்சுமிநாராயணன் என்று சென்னைக்காரர் ஒருவர் மட்டும், வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மாட்டேன் என்றால் அந்த வருஷம் வண்டி கொட்டகையில்தான் நிற்கும். அவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு ஒரு டாக்சியில் அவளே போனாள்.

எங்கள் வகையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையில் புதிதாக எதைச் செய்தாலும் முதல் ஓட்டம் வீட்டுப் பெண்பிள்ளை கையால்தான். பம்பு என்றால் பொங்கியண்ணன் சம்சாரம் பழனியாத்தாள் சுவிட்சைப் போடுவாள். மகள் கார் கட்டத் தொடங்கியதும் அதற்கும் ஒரு முறை வந்தது. ஜாக்கி வைத்து முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். பழனியாத்தாள் உள்ளே உட்கார்ந்து முதல் கியர் போடுவாள். மஞ்சள் பூசிய சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது அதற்குச் சூடம் காட்டுவார்கள். இந்தப் பெண் கட்டிய எல்லாக் காருக்கும் அப்படித்தான் நடந்தது. அவையெல்லாம் முன்சக்கரத்தில் மட்டும் ஓடுகிறவை.

அவர் வருகிற அன்றைக்கேதான் இந்தக் காருக்கும் பூசை. எமகண்டம் நெருங்கிவிட்டது. அவள் திரும்பி வந்த டாக்சி சிக்னலில் மாட்டிக்கொண்டது. போனில், "நேரம் போயிருமுங்க, நீங்க பூசையை முடிச்சுருங்க" என்றாள். எலுமிச்சம்பழமும் பொட்டும் வைத்து முடிப்பார்கள், சக்கரம் சுற்றத் தனக்காகக் காத்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். எங்களுக்கு சக்கரம் சுற்றாமல் பூசை ஏது?

முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து திரும்பியிருந்த மதன்குமார் ஜாக்கி போட்டார். எனக்கு லேசாக ஒரு சந்தேகம். "ஏனுங் மாப்பிள்ளை, இது நாலும் இழுக்குமுன்னு சொன்னாளே?" என்று கேட்டேன்.

"போன மாசம் இப்படித் தூக்கித்தானுங்க மாமா ஓட்டிப் பாத்தோம். பின்னால அசையவே இல்லீங்க."

அவர் பார்த்தது பூட்டுவதற்கு முந்தைய வண்டி.

பழனியாத்தாள் ஏறி உட்கார்ந்தாள். பொங்கியண்ணன் சூடத்தட்டோடு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவள் கிளட்சை விட்டாள்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தரையில் இருந்த பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளிவிட்டன. ஸ்டாண்ட் இரண்டும் தெறித்தன. முன்பக்கம் தொப்பென்று விழுந்த அதே நொடியில் கார் பாய்ந்தது. சூடத்தட்டு ஒரு பக்கம், பொங்கியண்ணன் ஒரு பக்கம். பயத்தில் பழனியாத்தாள் கால் ஆக்சிலரேட்டரிலேயே அழுந்திவிட்டது. தகரக் கதவைக் கிழித்து, பாதையைத் தாண்டி, கார் எதிர்த்த மக்காச்சோளக் காட்டுக்குள் போனது. பயிருக்கு மேலே கார் கூரை மட்டும் தெரிந்தது.

மதன்குமார் காட்டுக்குள் ஓடினார். நான் தம்பியிடம் போனேன். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. "அவ எங்கண்ணா? அவளைப் பாருங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அப்போதுதான் மோகனப்பிரியா லட்சுமிநாராயணனோடு டாக்சியில் வந்து இறங்கினாள். கிழிந்த கதவைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், காட்டுக்குள் போன தடத்தைப் பார்த்தாள்.

"நாந்தாஞ் சொல்லலை" என்றாள். "பூட்டுனதை நாந்தாஞ் சொல்லலை."

மதன்குமார் திரும்பி வந்து தம்பியைப் பார்த்துக்கொள்ள, நான் அவள் பின்னால் காட்டுக்குள் போனேன். தண்ணீர் பாய்ச்சியிருந்த அந்தச் சோளக்காட்டில் ஒரு ஈர வரப்பின் உச்சியில் ஏறி, இன்ஜின் அணைந்து நின்றது கார். நெற்றி வீங்க, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி பழனியாத்தாள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். "விடம்மா, விடு சாமி" என்று மகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். "உங்கப்பன் செத்துட்டாரா கண்ணு?" என்று கேட்டாள் பழனியாத்தாள். "இல்லம்மா, கால்தான்" என்றதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அந்த லட்சுமிநாராயணன் வயலில் குனிந்து சக்கரத்தடத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் வலியில் முனகுவது அங்கே வரைக்கும் கேட்டது.

"மேடம், இந்தச் சேத்துல, ஓட்டத் தெரியாத ஒருத்தர் கையில இப்படி ஏறியிருக்கு! நாலு தடமும் ஒரே ஆழம். பிரமாதம்! நான் ஓட்டறேன், இன்னைக்கே பேசிடலாம்."

கார் பாய்ந்ததை விட எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. வருஷக்கணக்கில் அவள் காத்துக்கிடந்த வார்த்தை அது. சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்தேன்.

அம்மாவைத் தோளில் சாய்த்தபடி அவள் சொன்னாள்: "எங்கப்பா அங்க கெடக்கறாருங்க. எங்கம்மா இங்க உக்காந்திருக்கறாங்க. நீங்க இன்னும் அவங்களுக்கு எப்படியிருக்குன்னு கேக்கலீங்க."

"சாரி, அது வந்து..."

"உங்களுக்கு இந்த வண்டி இல்லீங்க. அந்த டாக்சியிலயே திரும்பிப் போயிருங்க."

போய்விட்டார். அந்த வருஷத்துப் பந்தயமும் போய்விட்டது.

பொங்கியண்ணன் காலில் பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மருமகன் குற்றவாளி மாதிரி நிற்பதைப் பார்த்து, "அட, உக்காருங்க மாப்பிள்ளை. பம்பு செஞ்சிருந்தா தண்ணிதான் மேல அடிச்சிருக்கும். இவ என்னையத் தூக்கி அடிச்சுப்போட்டா" என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் மோகனப்பிரியா காரைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் நடுப்பெட்டியைக் கழற்றினாள். பூட்டு இனி தானாகப் பிடிக்காது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி, அதை ஓட்டுகிறவர் இழுத்தால்தான் நாலு சக்கரமும் ஒன்று சேரும். தெரிந்தவர்கள் சிலர் வந்து, எடை கூடுகிறது, மேட்டில் நேரம் போகும், பந்தய வண்டிக்கு இது எதற்கு என்றார்கள். அவள் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன். "அது சரி அம்மணி, இதை இனி யாரு ஓட்டறது?"

"மொதல்ல, தெரியாம தொடறவங்களைக் கொல்லாம நிக்கட்டுமுங்க பெரியப்பா" என்றாள். "ஓட்டறவங்களை அப்புறம் பாத்துக்கலாம்."