சவுக்காரம் போட்டுத் தேய்த்த கம்பி

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், வெளிநாட்டில், பிரெஞ்சு பேசும் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு ஜிம்னாஸ்டிக் மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே மேற்பார்வை மன்னார்க்காரர் ஓர் அண்ணை. வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். "கண்ணிலை படுறதெல்லாம் துடை. கேள்வி கேளாதை" என்றார். நான் கேட்கவில்லை.

பெரிய போட்டி ஒன்றுக்காகப் பிரேசில் பெண்கள் ஆறு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். பிரேசில் என்றால் எனக்குப் பந்தடிதான். இவர்கள் என் நெஞ்சு உயரம். கையில் வெள்ளைத் தூள் பூசுவார்கள். சிலுவை போடுவார்கள். பிறகு இரண்டு கம்பிகளில் மாறி மாறித் தொங்கிச் சுழல்வார்கள். மாதா பார்த்திருந்தால் கண்ணைப் பொத்தியிருப்பா.

தூள் எங்கும் படிந்தது. என் சோற்றுப் பெட்டியிலும் படிந்தது. கம்பிகளில் ஊத்தை மாதிரித் தடித்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை, அவர்கள் வரமுதல், சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கம்பிகளைத் தேய்த்தேன். மினுங்கியது. எனக்கே பெருமை.

அன்று தேர்வு. ஆறில் ஒருத்தி போட்டிக்குப் போக மாட்டாள். எல்லோரிலும் சின்னவள் முதலில் ஏறினாள். அரைச் சுற்றுத்தான். கை வழுக்கி மெத்தையில் குப்புற விழுந்தாள். பயிற்சி கொடுக்கும் அம்மா கொப்பியில் அவள் பெயருக்கு நேரே எதையோ கீறினார். பிறகு கம்பியைத் தொட்டு விரலை மணந்து பார்த்தார். அண்ணையைப் பிடித்துப் பிரெஞ்சில் கத்தினார்.

"என்னவாம் அண்ணை?"

"உன்ரை சவுக்காரம் மணக்குதாம்."

"துடைக்கச் சொன்னது நீங்கள்தானே."

"ஊத்தையைத் துடையெண்டன். அது ஊத்தையில்லையடா, அந்தப் பிள்ளையளின்ரை பிடி!"

சின்னவள் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொல். "முவா" என்று என் நெஞ்சைக் காட்டினேன். வாளியைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொப்பியில் கீறியதை வெட்டினார்.

சின்னவள் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு தூள் கட்டியை என் கையில் வைத்தாள். பையிலிருந்து தேன் எடுத்து, தூள் ஒட்டக் கம்பியில் பூசினாள். அதன் மேல் துப்பினாள். என்னையும் துப்பச் சொல்லிக் கை காட்டினாள்.

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"என்னைப் பாராதை. துப்பு. இண்டைக்கு அதுதான் வேலை."

துப்பினேன். ஏழு பேரும் தேய்த்தோம். கம்பி பழையபடி ஊத்தையாக ஒரு மணித்தியாலம் பிடித்தது.

சின்னவள் திரும்ப ஏறினாள். இந்த முறை கை விடவில்லை. இறங்கும்போது ஒரு எட்டுத் தடுமாறினாள், அவ்வளவுதான். அவளுக்கு இடம் கிடைத்தது.

கிடைக்காதவள் சுவரோரம் இருந்து அழுதாள். அது என் சவுக்காரத்தால் இல்லை. ஆனாலும் அன்று அந்தச் சுவர்ப் பக்கம் நான் துடைக்கப் போகவில்லை.

அடுத்த நாள் அண்ணையிடம் போனேன்.

"கக்கூஸ் துடைக்கலாமோ, இல்லாட்டி அதுவும் ஆரின்ரையும் பிடியோ?"

"போடா விசரா" என்றார்.