எஞ்சின் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

மலேசியாவின் பாடாங் செராயில் காளிதாசனின் பட்டறைக்கு வரும் வண்டிகள் அவருடைய காதை நம்பித்தான் வந்தன. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிஷத்தில் கோளாறு என்னவென்று சொல்லிவிடுவார். இருபது வருஷத்துப் பெயர் அது.

போன வருஷத்திலிருந்து அந்தக் காதில் மெல்லிய சத்தங்கள் விழுவதில்லை. இடது காது முக்கால்வாசி செவிடு. வீட்டில்கூடச் சொல்லவில்லை. போன மாதம் கியர்பாக்ஸ் என்று சொல்லி ஒரு வேனைப் பிரித்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஊரே பேசியது. இன்னொரு தடவை அப்படி ஆனால் கடையைச் சாத்திவிட்டுக் கூலிம் தொழிற்சாலையில் வேலை கேட்க வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மாணிக்கவாசகம் தம் பச்சை ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். எழுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி, இரண்டே இருக்கை. கூடவே மனைவி சந்திரா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"கிளட்ச்ச அமுக்குனா கீச்சு கீச்சுன்னு கத்துது காளி. ஞாயித்துக்கெழம மக கல்யாணம். பொண்ணும் மாப்ளையும் இந்தக் காடியிலதான் வரணும்."

காளிதாசன் பானெட்டைத் திறந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை ஊன்றினார். "எஞ்சின ஓட விட்டு அமுக்குங்க ஐயா."

மாணிக்கவாசகம் மறுபடி ஏறி உட்கார்ந்து அமுக்கினார். எலும்பில் எஞ்சினின் தடதடப்பு மட்டுமே ஏறியது. "விடுங்க." அதே தடதடப்பு. கழுத்தில் வியர்வை இறங்கியது. அமுக்கும்போது கத்தினால் அநேகமாகக் கிளட்ச்சுக்குள் சுழலும் ரிலீஸ் பேரிங். காதுக்குக் கேட்காததை வாய் சொல்லிவிட்டது.

"ரிலீஸ் பேரிங் ஐயா. எஞ்சினத் தூக்கணும். புதுசு வர மூணு வாரம். எங்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கு, போட்டுப் பாக்கலாம். ஒத்துவரலன்னா காடி கல்யாணத்துக்கு வராது."

மாணிக்கவாசகம் மனைவியைப் பார்த்தார். சந்திரா தரையைப் பார்த்தார். "சரி, தூக்கு."

எதிர்ப் பக்கத்து டயர் கடையிலிருந்து லோகன் குரல் கொடுத்தான். "என்னா காளிண்ணே, இன்னிக்கும் தொறந்து பாத்துட்டுத்தான் சொல்வீங்களா?"

அது இடது பக்கம்; காதில் விழவில்லை. மாணிக்கவாசகத்தின் உதடு சிரிப்பில் கோணியதைப் பார்த்துக் காளிதாசனும் சிரித்து வைத்தார்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதைத் தூக்கும் சங்கிலியை மாட்டினார். மாணிக்கவாசகம் இருக்கையிலிருந்து எழுந்திருக்கக் காலை ஊன்றினார், ஊன்றியது கிளட்ச்மேல். பக்கத்தில் நின்ற சந்திராவின் முகம் பல் கூசினாற்போலச் சுருங்கியது.

காளிதாசனின் கை சங்கிலியிலேயே நின்றது. எஞ்சின் ஓடவில்லை. ஓடாத எஞ்சினில் பேரிங் சுற்றாது. சுற்றாத பேரிங் எப்படிக் கத்தும்?

"ஐயா, இன்னொருக்கா அமுக்குங்க."

இப்போது காளிதாசன் வண்டியைப் பார்க்கவில்லை, சந்திராவைப் பார்த்தார். மாணிக்கவாசகம் அமுக்கினார், அந்த முகம் சுருங்கியது. விட்டார்; தளர்ந்தது.

"கத்துதாம்மா?"

"கத்துதே! ஒனக்குக் கேக்கலயா தம்பி?"

மாணிக்கவாசகம் திரும்பிப் பார்த்தார்.

"எங்கேருந்து கத்துதுன்னு பாக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டே காளிதாசன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

கிளட்ச்சைத் தள்ளும் கைக்கம்பியில் மஞ்சள் கயிற்றால் ஒரு செப்புத் தகடு கட்டியிருந்தது. எண்ணெய் படிந்து கறுத்த தகடு. கம்பி அசையும்போதெல்லாம் அதன் விளிம்பு கியர்பாக்ஸ் உறையை உரசியிருந்தது. தலையைத் திருப்பினார். டயருக்குப் பக்கத்தில் சந்திரா குனிந்திருந்தார். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. விரலை வாய்மேல் வைத்ததும் புரிந்தது.

மண்டபத்திலிருந்து போன் வர, மாணிக்கவாசகம் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். சந்திரா குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "முனியாண்டி கோயில் தகடு தம்பி. காடி கால்வாயில எறங்குச்சில்ல, அதுக்கப்பறம் வாங்குனது. அசையிற எடத்துல கட்டச் சொன்னாரு பூசாரி. ஆயில் மாத்துன கடையில சொல்லிக் கட்ட வச்சேன். இவருக்குத் தெரிஞ்சா சாகுற வரைக்கும் கிண்டல் பண்ணுவாரு."

காளிதாசன் கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். தகட்டைத் துணியில் துடைத்து நீட்டினார். "கைப்பையில வச்சிக்குங்கம்மா. அதுவும் அசையத்தான செய்யுது."

மாணிக்கவாசகம் திரும்பி வந்து பெடலை அமுக்கினார். சந்திராவின் முகத்தில் ஒரு கோடும் விழவில்லை. காளிதாசன் சங்கிலியைக் கழற்றினார்.

"எஞ்சினத் தூக்கணும்னு சொன்னியே?"

"தப்பா சொல்லிட்டேன் ஐயா. வெளிய ஒண்ணு ஒரசுச்சி, எடுத்துட்டேன்."

சங்கிலி கழன்றதை லோகன் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சந்திரா காளிதாசனின் இடது பக்கம் வந்து வாயைத் திறந்தார், நிறுத்தினார். கணவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு அவரைச் சுற்றி நடந்து வலது பக்கம் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம, ஒம்போது மணிக்கு தம்பி. குடும்பத்தோட வந்துடணும்" என்றார், ஒவ்வொரு சொல்லாக.