குடல் சுவர் தடித்திருக்கிறது

அந்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அவளை எல்லாரும் ‘ரிப்போர்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் படங்களைப் பார்த்து வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வயதில் வந்து உட்கார்ந்தவள், இப்போது நாற்பத்தாறு. இடையில் மாறியது நாற்காலி மட்டும்தான், அதுவும் மூன்று முறை. ஜன்னல் இல்லாத அறை. ஒரு பக்கம் உறுமிக்கொண்டே இருக்கும் ஏசி, மறுபக்கம் பழைய ஃபிலிம்கள் அடுக்கிய இரும்பு அலமாரி.

மூன்று டாக்டர்களின் குரலும் அவளுக்கு அத்துப்படி. பெரிய டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொல்வார். இரண்டாமவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். மூன்றாமவர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரே ஓட்டம்.

நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக அந்தத் தொற்று பரவிய வருடம், வேலை கழுத்து வரை வந்தது. வந்ததெல்லாம் நுரையீரல் படங்கள். நடுநடுவே சில வயிற்று ஸ்கேன்களும் இருக்கும். இருமிக்கொண்டு படுத்திருப்பவர்களில் சிலருக்கு வயிறும் வலிக்கிறது என்று வார்டிலிருந்து அனுப்புவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மென்று பேசும் டாக்டர் சொன்னார்: “சிறுகுடல் சுவர் தடித்திருக்கிறது.” அவள் அடித்தாள். விரல் நின்றுவிட்டது. இதையே நேற்றும் அடித்தோமே? நேற்றுச் சொன்னவர் ஓட்டக்காரர். போன வாரம் சொன்னவர் டாக்டரம்மா.

மூன்று பேரும் முறை வைத்து வருகிறவர்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பதில்லை. எல்லாம் வந்து விழுகிற ஒரே இடம் அவள் காது.

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடந்த ஆறு வார ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். காய்ச்சல்காரர்களின் வயிற்று ஸ்கேன் மொத்தம் நாற்பத்தொன்று. அதில் பதின்மூன்று பேருக்குக் குடல் சுவர் தடித்திருந்தது. அந்தப் பதின்மூன்றில் ஒன்பது பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். எண்களை ஒரு காகிதத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பஸ் ஓட்டும் கணவர் சாயங்காலம் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

“இத போய் டாக்டரம்மாகிட்ட சொல்லலாமான்னு இருக்கு. சிரிச்சிட்டா?”

“சிரிச்சா பல்லு தெரியும். அவ்வளவுதானே,” என்றார் அவர். “ஆனா ஒண்ணு கேக்கறேன். காய்ச்சல் இல்லாம வயித்து வலின்னு வர்றவங்களுக்கும் அப்படித்தான் இருக்குதோ என்னவோ?”

அவளுக்கு இது தோன்றவே இல்லையே. மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்து அதையும் எண்ணினாள். காய்ச்சல் இல்லாதவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். தடித்திருந்தது நான்கே பேருக்கு.

அவள் நீட்டிய காகிதத்தை டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“காய்ச்சல் இல்லாதவங்க கணக்கு பாத்தீங்களா?”

“பின்னாடி எழுதியிருக்கேன் மேடம்.”

காகிதத்தைத் திருப்பியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மற்ற இரண்டு டாக்டர்களும் ஓடி வந்தார்கள். பதின்மூன்று பேரின் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தன. ஓட்டக்காரர் முதன்முறையாக ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தார்.

“இந்தக் கிருமி ரத்தத்த உறைய வைக்குது. அந்தக் கட்டி குடலுக்குப் போற ரத்தக் குழாய அடைச்சா, குடல் சுவர் வீங்கித் தடிக்கும்,” என்றார் டாக்டரம்மா. “நம்ம மூணு பேரும் தனித்தனியா பாத்துட்டு விட்டுட்டோம்.”

அன்றே வார்டுகளுக்குச் சேதி போனது: காய்ச்சல் நோயாளி வயிற்று வலி என்றால் வெறும் மாத்திரையோடு விடாதீர்கள், உடனே ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு காய்ச்சல் வார்டிலிருந்து ஒரு பள்ளி வேன் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். இருமல் தணிந்து, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் மனிதர் வலியில் புழுவாகத் துடிக்கிறார். முந்தைய வாரமாக இருந்தால் வாயு என்று சொல்லியிருப்பார்கள்.

சற்று நேரத்தில் அவள் காதில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது, இதுவரை கேட்டறியாத வேகத்தில்: “குடலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி. சிறுகுடலின் ஒரு பகுதி சுவர் தடித்திருக்கிறது.” பிறகு தாழ்ந்த குரலில், “அக்கா, இத மெதுவாவே அடிங்க. ஆபரேஷனுக்கு ஏற்கெனவே சொல்லிட்டேன். நேரத்தோட பிடிச்சிட்டோம்.”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நாலு நடை நடந்தாள். ஆபரேஷனில் ஒரு முழ நீளக் குடலை மட்டும் வெட்டினார்கள். மிச்சம் பிழைத்தது, ஆளும் பிழைத்தார். பன்னிரண்டாம் நாள் அவர் தன் காலாலேயே நடந்து வெளியே போனதை, மாடிப்படியில் நின்று அவள் பார்த்தாள்.

மருத்துவமனையின் மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி அவளை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அறுவை சிகிச்சை டாக்டர், “நீங்க எந்தப் பிரிவு டாக்டர்?” என்று கேட்டார்.

“டாக்டர் இல்ல சார். காதால கேட்டு கையால அடிக்கறவ.”

அரங்கம் கைதட்டியது. அவளுக்குக் காது வரை சூடேறியது.

டாக்டர்கள் இதையெல்லாம் கட்டுரையாக எழுதி அனுப்ப, ஐந்து மாதம் கழித்து அது ஒரு மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர்கள் வரிசையில் நான்காவதாக அவள் பெயர். இதழை மார்போடு அணைத்துக்கொண்டு, கணவர் ஓட்டும் பஸ் வரும் நிறுத்தத்துக்கு ஏறக்குறைய ஓடினாள். அவர் பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, விரலை வைத்து அவள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்னால் கண்டக்டர் விசில் மேல் விசில் ஊதினார்.

“இருய்யா,” என்றார் அவர், தலையைத் திருப்பாமலே. “இன்னொரு வாட்டி படிச்சிக்கிறேன்.”