ஜன்னலை உடைத்த இன்ஜினியர்

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தே குன்னூரில் மாடி வீடு கட்டினேன். குளிர்காற்று நுழைய ஓர் இடுக்குகூட விடவில்லை.

எங்கள் தெருவில் ஓர் இன்ஜினியர் சார், வேதியியலும் படித்தவர். ஓய்வு பெற்றபின், கரிச்சட்டி வைத்துக் குளிர்காயும் வீடுகளில் காற்றுக்குழாய் பொருத்திக் கொடுப்பதே அவர் வேலை, கூலி வாங்கமாட்டார். என் சுவரில் ஓட்டை போட மட்டும் நான் விடவில்லை.

போன பனிக்காலத்தில் ஒரு காலை மறுபடியும் கேட்க வந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள், குழந்தையோடும் கரிச்சட்டியோடும் அறைக்குள் தாழிட்டிருந்தாள்.

"ஏனுங்க, உள்ள கரி எரியுதுங்களா?"

"எரியுது. பொகையே வராத நல்ல கரிங்க. உங்க கொழாய வேற ஊட்டுக்குக் கொண்டு போங்க."

"பொகை வராட்டியும் விசவாயு வருமுங்க. மகளைக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவை இடித்தேன். அது நான் பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்குக் கதவு, அசையவில்லை. அதற்குள் சார் வெளியே ஓடி, தன் பையிலிருந்த ஸ்பானரால் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்துத் தாழைத் திறந்தார்.

மகளை நான் வாசலுக்குத் தூக்கி வந்தேன். காற்றுப் பட்டதும் முனகினாள். சார் கையிலிருந்த குழந்தை மட்டும் துணிபோலக் கிடந்தது. அதன் வாயில் வாய் வைத்து மெல்ல ஊதினார். நிறுத்திப் பார்த்தார். மறுபடி ஊதினார்.

"அழுவு கண்ணு, அழுவு" என்றார்.

அழுதது.

ஆஸ்பத்திரியில் இருவரையும் காப்பாற்றிவிட்டார்கள்.

இந்த வீட்டில் எல்லாமே என் சம்பாத்தியம் என்று இன்றும் சொல்வேன். பேத்தி அழும்போது மட்டும் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.