என்ன வேண்டும் என்று கேட்டார்கள்

ஏப்ரல் மழை ஓடுகளைத் தட்டிவிட்டுப் போன ஒரு காலையில் எங்கள் வீட்டில் ஒரு சதி அம்பலமானது. அப்படித்தான் அப்பா நினைத்தார்; ஆகவே நானும் நினைத்தேன்.

நான் படித்தது கண்டோன்மெண்டில் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடம். பிரம்பு கிடையாது, மார்க்கு கிடையாது, வருஷக் கடைசியில் பரீட்சையும் கிடையாது. அதற்குப் பதில் மிஸ் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாராம்: வருகிற வருஷம் என்ன கற்றுக்கொள்ள ஆசை?

"பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம், தராசு இல்லாத கடை," என்றார் அப்பா. அவருக்கு சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். யாராவது அன்பாகக் கேள்வி கேட்டால் பின்னாலேயே விசாரணை வரும் என்பது அவர் கண்ட அனுபவம்.

மெட்ரிகுலேஷனில் திரும்பத் திரும்பத் தோற்றதால் எங்கள் வீட்டுப் பரீட்சை நிபுணராகிவிட்ட மாமா கண்ணை இடுக்கினார்.

"வாயைக் கிளறுறாங்க மச்சான். ஆசைன்னு எதையாச்சும் உளறினா, படிப்புல கவனமில்லைன்னு அதே கிளாஸ்ல உக்கார வெச்சிருவாங்க. பாப்பா, நீ கணக்குன்னு சொல்லு. கணக்கு கேட்ட புள்ளைய எந்த வாத்தியாரும் அடிச்சதில்ல."

அம்மாவின் சந்தேகம் வேறு. "அதெல்லாம் இருக்கட்டும். அந்தம்மா எதுக்கு அவ்ளோ சிரிக்குது?"

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மரவேலை சொல்லித்தந்தார்கள். இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாக எழுந்து விழும் சீவல். அறுபட்ட மரம் விடும் அந்த ஈர மூச்சு. அந்தப் பக்கம் போனாலே என் உள்ளங்கை துடிக்கும். நானே செய்த முக்காலியில் நானே ஏறி உட்கார வேண்டும். ஆனால் ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்வேனே!

ஊதாப் பூக்கள் கொட்டிக் கிடந்த மரத்தடியில் எனக்கு முன்னால் போனவள் எங்கள் எதிர்வீட்டுக் கன்னடப் பெண். துள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மரவேலைன்னு சொல்லிட்டேன் டீ!"

"ஐயோ, மாட்டிக்கிட்டே. அது பொறி டீ."

"சும்னிரு, சும்மா இரு டீ! கேட்டாங்க, சொன்னேன். அஷ்டே, அவ்ளோதான்."

என் முறை வந்தது. "உனக்கு என்னம்மா ஆசை?" மிஸ் குனிந்து கேட்டார். அம்மா சொன்ன அதே சிரிப்பு.

"கணக்கு, மிஸ்."

"வேற எதுவும் வேணாமா?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். கொட்டகையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கு இப்படித்தான் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"வேணாம், மிஸ். கணக்கு மட்டும்தான்."

ஜூனில் பள்ளி திறந்தது. இருவரையும் மேல் வகுப்புக்கு அனுப்பினார்கள். கேட்டவளுக்குக் கேட்டதைத் தந்தார்கள்: அவளுக்குக் கொட்டகை, எனக்குக் கூடுதல் கணக்கு. மாமா அசரவில்லை. "விட்டுப் பிடிக்கிறாங்க," என்றார்.

கணக்கு வகுப்பின் சன்னல் வழியே அவள் ரம்பம் பிடிப்பது தெரியும். தலையெல்லாம் மரத்தூள், ஒரு தும்மல், ஒரு சிரிப்பு. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் பிடித்துவிடுவார்கள் பாவம் என்று, அந்த வருஷம் முழுக்க நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.